பிழைதிருத்தம்

எழுபத்து மூன்றாம் தாள், இரண்டாம் பக்கம்,
கீழிருந்து ஐந்தாவது வரி:
‘பரவை’ என்று நான் படித்தது தப்பு.
‘பாவை’ என்று திருத்திக்கொள்ளவும்.

இவ்வளவுக்குத்தான் இடம் என்றார் லூர்துராஜ்.
பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், எங்கள் ஆசிரியர்.
ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு எழுபத்தைந்து பைசா.
மிச்சத்தையும் எழுதாமல் கை அடங்கவில்லை.

கீழச்சுனைப்பட்டிக் கண்மாய்.
குமிழித்தூம்பின் வலது கல், கிழக்கு முகம்.
மீட்டர் எடுக்கப் போன ஊர் அது.
கடைசி வீட்டு அட்டையில் யூனிட்டைக் குறித்துவிட்டுக்
கால் கழுவ இறங்கியபோது
பாசிக்கு அடியில் எழுத்து.

பழைய கல்லில் புள்ளி கிடையாது.
துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே கோடு.
காலென்று பார்த்தால் அவள் ஒரு பெண்.
ரகரமென்று பார்த்தால் வைகைப் பக்கத்தில் ஓர் ஊர்.
அந்த ஊரில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன்,
அதனால் ஊரைப் பார்த்தேன்.
‘பரவை ஊரார் செய்வித்த தூம்பு’ என்று
தடித்த எழுத்தில் தலைப்பும் போட்டேன்.

வீட்டு அட்டையில் ஒரு சைபர் கூடிப்போனால்
அன்றைக்கே ஆபீஸ் வாசலில் சண்டை.
கல்லில் ஒரு பெண்ணை அழித்தேன்.
பதினோரு வருடம்
யாரும் கேட்டு வரவில்லை.

ஆய்வு மாணவர் ஒருவர் வந்தார், நல்ல பையன்,
என் வண்டியில்தான் கூட்டிப்போனேன்.
அவருடைய ஆய்வேட்டின் அடிக்குறிப்பில்
‘தகவல்: மின்வாரிய ஊழியர் ஒருவர்.’
என் பெயர் உள்ளே போகவில்லை.
என் பிழை போய்விட்டது.
அதில் எனக்கு வருத்தமா நிம்மதியா,
இன்னும் பிடிபடவில்லை.

கண்டுபிடித்தது ஜெய்த்தூன்.
மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரவிக்கை தைக்கிறவர்.
சாயங்கால வெயிலில் எடுத்த படத்தைச்
செல்போனில் விரித்து விரித்துப் பார்த்திருக்கிறார்.
பொரிந்துபோனது என்று நான் புள்ளி வைத்து விட்ட இடத்தில்
‘யேன்’ என்று முடிகிறது வரி.
பாவையேன்.
“ஏண்ணே, ஒரு ஊரு எங்கயாச்சும்
நான்னு பேசுமா?”
கேட்டுவிட்டு, பல்லில் நூலைக் கடித்து அறுத்தார்.

அந்த வாரமே நாலு பேர் போனோம், இருட்டினபின்.
டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார்
பேங்க் காசாளர் நாகரத்தினம்.
பகலில் கீறலாகக் கிடந்தது
நிழலோடு எழுந்து நின்றது.
இத்தூம்பு செய்வித்தேன், பாவையேன்.
யார் மகள், யார் மனைவி, எங்கிருந்து காசு,
கல்லில் இல்லை.
கோயிலைச் சேர்ந்தவளாக இருக்குமோ என்றார் நாகரத்தினம்.
தெரியாது என்றே போடச் சொல்லிவிட்டார் ஜெய்த்தூன்.

இன்னொன்றும் இருக்கிறது.
பரவையில் ஒரு டீக்கடைக்காரர்
எழுபத்து மூன்றாம் தாளைக் கண்ணாடி போட்டு
கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்.
போன மாதம் சொல்லத்தான் போனேன்.
டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை,
எங்க ஊரைக் கல்லுல காட்டின ஆளு என்று
பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.
தம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.
இந்தத் தாளைத் தபாலில் அனுப்புகிறேன்.
அடுத்த முறை அவர் காசு வாங்கலாம்.

பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத்தபால் போயிருக்கிறது.
பச்சை அட்டையில் யாரோ
கிறுக்கின மாதிரிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.
அதை நாங்கள் யாரும் படிக்க முடியவில்லை.

அடிக்குறிப்பில் இந்தத் தடவையாவது பெயர் போடுவதாக இருந்தால்:
பிழை, வெ. சோணைமுத்து, மின் கணக்கீட்டாளர்.
திருத்தம், அ. ஜெய்த்தூன் பீவி, தையல்.

பெரியாற்றுத் தண்ணீர் திறந்தாயிற்று.
கல் இப்போது ஓராள் ஆழத்தில்.
சந்தேகம் உள்ளவர்கள் மாசிக்கு மேல் வரலாம்.
மாவோ சுண்ணாம்போ பூச வேண்டாம்.
டார்ச் கொண்டுவரவும்.
படி வழுக்கும், பார்த்து இறங்கவும்.